நூறு நாள் வேலை நிதி: குறைத்தார்களா, கூட்டினார்களா?

பட்ஜெட் வந்த மறுநாள் ஒரு தலைவர், நூறு நாள் வேலைக்கான நிதியை மத்திய அரசு வெட்டிவிட்டது என்கிறார். இன்னொரு தலைவர், வரலாறு காணாத அளவுக்குக் கூட்டியிருக்கிறோம் என்கிறார். இரண்டு பேரும் எண்களோடுதான் பேசுகிறார்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரிப் பக்கம் குளத்துக்கரையில் மம்பட்டி பிடித்து நிற்கும் பெண்ணுக்கோ, வேலை பார்த்து முடித்த வாரத்தின் கூலி இன்னும் கணக்கில் ஏறவில்லை. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். அது எப்படி என்பதைத்தான் இங்கே அடிப்படையிலிருந்து பார்க்கப் போகிறோம்.

சொல்லைப் பற்றி முதலில் ஒன்று. மத்திய அரசு என்பதா, ஒன்றிய அரசு என்பதா என்பதிலேயே பேசுகிறவர் எந்தப் பக்கம் என்று தமிழ்நாட்டில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். நம் ஊரில் ஒன்றியம் என்றால் வள்ளியூர் ஒன்றியம், மானூர் ஒன்றியம், பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ். இந்தத் திட்டமே அந்த ஒன்றிய அலுவலகத்தின் வழியாகத்தான் நடக்கிறது. குழப்பம் வேண்டாம் என்பதற்காக மட்டுமே இங்கே மத்திய அரசு என்று எழுதுகிறேன்.

இது எந்த மாதிரித் திட்டம்?

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-இல் நிறைவேறியது. 2006 பிப்ரவரி 2-ஆம் தேதி நாடு முழுவதும் 200 மாவட்டங்களில் தொடங்கியது. திருநெல்வேலி அடுத்த கட்டத்தில், 2007-இல் சேர்ந்தது. 2008 ஏப்ரலில் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் விரிந்தது.

மற்ற திட்டங்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது ஒரு விஷயம்தான். வழக்கமான திட்டத்தில் அரசு முதலில் ஒரு தொகையை ஒதுக்கும். தொகை தீர்ந்தால் திட்டமும் அந்த வருடத்துக்குத் தீர்ந்தது. ஆயிரம் வீட்டுக்குப் பணம் இருந்தால் ஆயிரத்தோராவது ஆள் காத்திருக்க வேண்டியதுதான். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. வேலை கேட்பது ஆளின் உரிமை, கேட்டவருக்குக் கொடுப்பது அரசின் கடமை, பணம் அதற்குப் பின்னால் வர வேண்டும். அதன் முக்கிய விதிகள் இவை (2025 டிசம்பரில் வந்த புதுச் சட்டம் எதை மாற்றுகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்):

1. ஊரகக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிதியாண்டில் 100 நாள் வேலை.
2. கேட்ட 15 நாளுக்குள் வேலை தரவில்லை என்றால் வேலையின்மைப் படி தர வேண்டும். முதல் 30 நாளுக்குக் கூலியில் குறைந்தது கால் பங்கு, அதன் பிறகு குறைந்தது அரைப் பங்கு. இதை மாநில அரசு தன் பணத்திலிருந்து தர வேண்டும்.
3. வருகைப் பட்டியல் முடிந்த 15 நாளுக்குள் கூலி வந்துவிட வேண்டும். தாமதமானால் 16-ஆம் நாளிலிருந்து நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு.
4. உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசின் செலவு. கல், சிமெண்ட் போன்ற பொருள் செலவில் நான்கில் மூன்று பங்கு மத்திய அரசு, ஒரு பங்கு மாநிலம்.

ஆக, பட்ஜெட்டில் இந்தத் திட்டத்துக்கு எதிரே போடும் தொகை ஒரு முன்கணிப்புதான், உச்சவரம்பாக இருக்கக் கூடாது. இத்தனை பேர் வேலை கேட்பார்கள், இவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடு அது. கூடுதலாகக் கேட்டால் கூடுதலாகத் தர வேண்டும். காகிதத்தில் இப்படித்தான்.

ஒரே ஆண்டுக்கு மூன்று எண்கள்

பட்ஜெட் புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு திட்டத்துக்கும் பல பத்திகளில் எண்கள் இருக்கும். அவற்றின் பெயர்கள் தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை புரிந்துவிடும்.

1. *வரவு செலவுத் திட்ட மதிப்பீடு.* வரப்போகும் ஆண்டுக்கு, பிப்ரவரியில் சொல்லும் தொகை.
2. *திருத்திய மதிப்பீடு.* நடந்துகொண்டிருக்கும் ஆண்டின் கடைசியில், இவ்வளவு ஆகும்போல் இருக்கிறது என்று திருத்திச் சொல்வது.
3. *உண்மைச் செலவு.* ஆண்டு முடிந்து கணக்கெல்லாம் சரிபார்த்த பிறகு வருவது. இது ஓராண்டு கழித்துத்தான் புத்தகத்தில் ஏறும்.

இப்போது நூறு நாள் வேலையின் எண்களை வைத்துப் பாருங்கள். 2020-21-இல் முதலில் ஒதுக்கியது 61,500 கோடி ரூபாய். கொரோனா வந்தது, நகரத்திலிருந்து ஊருக்குத் திரும்பியவர்கள் எல்லாம் வேலை கேட்டார்கள், செலவு 1,11,000 கோடியைத் தாண்டியது. 2021-22-இல் 73,000 கோடி ஒதுக்கி, 98,000 கோடிக்கு மேல் செலவானது. 2022-23-இல் மறுபடி 73,000 கோடி. திருத்திய மதிப்பீடு 89,400 கோடி. 2023-24-இல் ஒதுக்கீடு 60,000 கோடியாக இறங்கியது. திருத்தியபோது 86,000 கோடி ஆனது. ஆண்டு முடிவில் செலவு சுமார் 89,000 கோடி. 2024-25-க்கு 86,000 கோடி. 2025-26-க்கும் அதே 86,000 கோடி.

இதில் 2023-24-ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். 60,000 கோடி என்பது எவ்வளவு பெரிய வெட்டு? முந்தைய ஆண்டின் முதல் மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் சுமார் 18 சதவீதம் குறைவு. முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் சுமார் 33 சதவீதம் குறைவு. அடுத்த வருடம் வந்த 86,000 கோடியையும் இப்படியே பாருங்கள். 60,000 கோடியோடு ஒப்பிட்டால் 43 சதவீதம் உயர்வு. அந்த ஆண்டின் திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் உயர்வும் இல்லை, குறைவும் இல்லை. கடைசியில் ஆன செலவோடு ஒப்பிட்டால் குறைவு.

ஒரே தொகையை மூன்று விதமாகச் சொல்லலாம், மூன்றும் பொய்யில்லை. ஆளுங்கட்சி மேடையில் எந்தப் பத்தி வரும், எதிர்க்கட்சி மேடையில் எந்தப் பத்தி வரும் என்று சொல்லத் தேவையில்லை. என் கருத்தில் நியாயமான ஒப்பீடு ஒன்றுதான்: புது ஆண்டின் ஒதுக்கீட்டைப் போன ஆண்டின் உண்மைச் செலவோடு, அது இன்னும் வரவில்லை என்றால் திருத்திய மதிப்பீட்டோடு வைத்துப் பார்ப்பது. ஏனென்றால் போன ஆண்டு ஆன செலவுதான், போன ஆண்டு மக்கள் பார்த்த வேலைக்கு மிக அருகில் இருக்கும் எண்.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 86,000 கோடி இரண்டு ஆண்டும் ஒன்றாக இருந்தது. கூலி ஒன்றாக இல்லை. தமிழ்நாட்டுக்கான கூலி 2024-25-இல் நாளுக்கு 319 ரூபாய், 2025-26-இல் 336 ரூபாய். கூலி ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறி, மொத்தத் தொகை ஏறவில்லை என்றால், அதே பணத்தில் கிடைக்கும் வேலை நாட்கள் குறையும். யாரும் எதையும் வெட்டியதாக அறிவிக்க வேண்டியதில்லை.

இடையில் வரும் இரண்டு சொற்கள்

பட்ஜெட் காலத்தில் செய்தியில் அடிபடும் இரண்டு சொற்கள் பலரைக் குழப்புகின்றன.

மானியக் கோரிக்கை என்றால் மக்களுக்குக் கொடுக்கும் மானியம் என்று நினைத்துவிடுகிறோம். அது அப்படி இல்லை. ஒவ்வொரு துறையும், இந்த ஆண்டு எனக்கு இவ்வளவு செலவு செய்ய அனுமதி வேண்டும் என்று சபையிடம் கேட்பதுதான் மானியக் கோரிக்கை.

அப்புறம், வெட்டுத் தீர்மானம். எதிர்க்கட்சி எம்எல்ஏ வெட்டுத் தீர்மானம் கொடுத்தார் என்றால், அந்தத் துறையின் பணத்தைக் குறைக்கச் சொல்கிறார் என்று பொருள் கொள்ள வேண்டாம். நாடாளுமன்ற நடைமுறையில் இதில் மூன்று வகை உண்டு. கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காக, கோரிய தொகையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்வது ஒன்று. சிக்கனத்துக்காகக் குறிப்பிட்ட தொகையைக் குறைக்கச் சொல்வது இரண்டாவது. ஏதோ ஒரு குறையைச் சபையில் பேசுவதற்காக, தொகையில் வெறும் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்வது மூன்றாவது. தன் ஊருக்குக் கூடுதலாகப் பணம் கேட்கிற உறுப்பினர்கூட இந்த மூன்றாவது வகையைக் கொடுத்துத்தான் பேச வேண்டியிருக்கும்.

வெட்டு உண்மையில் எங்கே விழுகிறது?

சரி, சட்டப்படி வேலை கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஒதுக்கீடு குறைந்தால்தான் என்ன? கூடுதலாகக் கேட்டால் கூடுதலாக வருமே. இந்தக் கேள்விதான் விஷயத்தின் நடு.

ஒரு குளத்துக்கரையை வைத்துக்கொள்வோம். கணக்குக்காக நாமே வைத்துக்கொள்வது. காலையில் 40 பெண்கள் வந்து சேருகிறார்கள். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; வீட்டில் பீடித்தட்டை ஓரமாக வைத்துவிட்டு வருபவர்களும் இதில் நிறைய. பணித்தளப் பொறுப்பாளர் கைபேசி செயலியில் படம் எடுக்கிறார். மதியம் இன்னொரு படம். இரண்டு படமும் ஏறினால்தான் அன்றைய வருகை. கரையில் சீமைக்கருவேலம் வெட்டி, மடைக்குப் போகும் வாய்க்காலில் மண் எடுக்கிறார்கள். வார முடிவில் வேலையை அளக்கிறார்கள். அளவு சரியாக இருந்து, 2025-26-இன் 336 ரூபாய் வீதம் முழுக் கூலி கிடைத்தால் ஆளுக்கு 6 நாளுக்கு 2,016 ரூபாய். நாற்பது பேருக்கு 80,640 ரூபாய்.

அந்த 80,640 ரூபாய்க்கான ஆணை ஒன்றிய அலுவலகத்திலிருந்து கணினி வழியே மேலே போகிறது. மேலே பணம் இருந்தால் நேராக ஆளின் வங்கிக் கணக்குக்கு வரும். ஆண்டின் ஒதுக்கீடு தீர்ந்துபோயிருந்தால் அந்த ஆணை அப்படியே நிற்கும். யாரும் முடியாது என்று சொல்வதில்லை. பணம் மட்டும் வராது. இதற்குப் பெயர் நிலுவை. ஆண்டுக் கடைசியில் சேரும் நிலுவையை அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டிலிருந்துதான் கட்டுவார்கள். ஆக, புது ஆண்டுக்கு என்று சொல்லும் தொகையின் ஒரு பகுதி, ஏற்கெனவே பார்த்து முடித்த வேலைக்கே போய்விடுகிறது.

தாமதத்துக்கு இழப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,016 ரூபாய்க்கு நாளொன்றுக்கு 0.05 சதவீதம் என்றால் ஒரு ரூபாய் சொச்சம். பட்டியல் முடிந்து 60 நாள் கழித்துப் பணம் வந்தால், முதல் 15 நாள் போக 45 நாளுக்கு 45 ரூபாய். அதே இரண்டு மாதத்துக்கு அந்தப் பெண் மூன்று வட்டிக்கு 2,000 ரூபாய் வாங்கிச் சமாளித்திருந்தால் 120 ரூபாய் வட்டி. அரசின் தாமதத்துக்கு அரசு கொடுப்பது 45. அந்தத் தாமதத்தால் அவர் கொடுப்பது 120. அந்த 45 ரூபாயும் ஒழுங்காக வருவதில்லை. ஆணை போட்ட பிறகு மேலிடத்தில் ஆகும் தாமதத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடும் வழக்கம் இருந்தது. அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

நிலுவை சேர்ந்ததும் அடுத்தது நடக்கிறது. ஊராட்சிச் செயலருக்கு மேலிருந்து வாய்மொழியாகச் செய்தி வரும்: இப்போதைக்குப் புது வேலை எடுக்க வேண்டாம். வேலை கேட்டு வருபவரிடம், வேலை வந்ததும் சொல்லி விடுகிறோம் என்பார்கள். அவருடைய விண்ணப்பம் பதிவாகாது. பதிவாகாத விண்ணப்பத்துக்கு 15 நாள் கெடு இல்லை, வேலையின்மைப் படியும் இல்லை. ஆண்டு முடிவில் அறிக்கை பார்த்தால், வேலை கேட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வேலை கொடுத்ததாக இருக்கும். அந்த அறிக்கையை வைத்து, தேவை குறைந்துவிட்டது, அதனால் ஒதுக்கீடு போதும் என்று அடுத்த பட்ஜெட்டில் வாதிட முடியும்.

இங்கே மாநில அரசு வெறும் பார்வையாளர் இல்லை. பதிவு செய்வதும் ரசீது கொடுப்பதும் மாநில நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. வேலையின்மைப் படியும் மாநிலத்தின் செலவு. பதிவு செய்யாமல் விட்டால் அந்தச் செலவும் வராது. மேலே பணத்தை நிறுத்துகிறார்கள், கீழே பதிவை நிறுத்துகிறார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் வெட்டு.

2025 மார்ச்: 4,034 கோடியும் 10,000 கோடியும்

தமிழ்நாட்டில் இந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது 2025 மார்ச்சில். 4,034 கோடி ரூபாய் கூலி நிலுவை இருக்கிறது என்று சொல்லி மார்ச் 29 அன்று திமுக மாநிலம் முழுக்க ஆர்ப்பாட்டம் நடத்தியது. அதற்குச் சில நாள் முன்பு மக்களவையில் ஊரக வளர்ச்சித் துறை இணையமைச்சர் சந்திரசேகர் பெம்மசானி சொன்ன பதில்: தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடி, உத்தரப் பிரதேசத்தின் மக்கள்தொகை 20 கோடி; ஆனாலும் தமிழ்நாட்டுக்கு 10,000 கோடிக்கு மேல் கொடுத்திருக்கிறோம்.

இரண்டு எண்ணும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒன்று, இதுவரை கொடுத்தது. மற்றொன்று, கொடுக்க வேண்டியதில் பாக்கி. கடையில் பாக்கி எவ்வளவு என்று கேட்டால், போன வருடம் எவ்வளவு கொடுத்தேன் தெரியுமா என்று பதில் சொல்வது போல. உத்தரப் பிரதேசத்தோடு ஒப்பிடுவதும் இந்தச் சட்டத்துக்குப் பொருந்தாத அளவுகோல். மக்கள்தொகைப்படி பங்கு போடும் திட்டம் இல்லை இது. எங்கே எத்தனை பேர் வேலை பார்த்தார்களோ அங்கே அத்தனை கூலி. தமிழ்நாட்டுப் பெண்கள் அதிகமாக வந்து வேலை பார்த்தார்கள் என்றால் அவர்களுக்கான கூலியும் அதிகம்தான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் திமுக இந்த நூறு நாளை 150 நாளாக உயர்த்துவோம் என்றது. மத்திய சட்டத்தின் நாட்களை மாநிலத்தால் மாற்ற முடியாது என்பது உண்மை. கூடுதல் நாட்களை மாநிலமே தன் பணத்தில் கொடுப்பதற்குத் தடை இல்லை என்பதும் உண்மை. நிலுவையைப் பற்றி அத்தனை உரக்கப் பேசிய மேடைகளில் இந்த ஐம்பது நாளைப் பற்றியும் பேசியிருக்க வேண்டும்.

இதே மாதிரிப் பேச்சை நெல்லை மக்கள் இதற்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறி, கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையே சூழ்ந்தது. குளங்கள் உடைந்தன. வெள்ளம் வடிவதற்குள் கணக்குச் சண்டை தொடங்கியது. மத்திய அரசு 900 கோடி கொடுத்தோம் என்றது. மாநில அரசு இந்த வெள்ளத்துக்கென்று எதுவும் வரவில்லை என்றது. அந்த 900 கோடி, மாநிலப் பேரிடர் நிதிக்கு வெள்ளம் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுதோறும் வர வேண்டிய மத்தியப் பங்கு. பெரிய சேதத்துக்குத் தனியாகக் கேட்பது தேசியப் பேரிடர் நிதி. பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தின் மேல்தான் இரண்டு பக்கமும் நாள்கணக்கில் பேசின.

அரசு பேசுகிறதா, கட்சி பேசுகிறதா?

அரசியல்வாதி மேடையில் சார்பாகப் பேசுவது அவர் தொழில். அரசின் செய்திக்குறிப்பும், அரசுப் பணத்தில் வரும் விளம்பரமும், அதிகாரி சொல்லும் விளக்கமும் அப்படி இருக்கக் கூடாது. இதற்கு விதிகள் உண்டு.

1. அரசு ஊழியர் நடத்தை விதிகள், மத்தியிலும் மாநிலத்திலும், ஊழியர் கட்சி அரசியலில் பங்கெடுப்பதைத் தடுக்கின்றன.
2. அரசு விளம்பரங்கள் ஆளுங்கட்சியின் நலனுக்குப் பயன்படக் கூடாது, சார்பில்லாமல் தகவல் சொல்ல வேண்டும் என்று 2015 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. அப்போது குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி படம் மட்டுமே போடலாம் என்றது. 2016 மார்ச்சில் முதல்வர்கள், அமைச்சர்கள் படத்தையும் அனுமதித்தது.
3. தேர்தல் அறிவித்த பிறகு தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகள் வந்துவிடும்.

விதி இருக்கிறது, கோடு எங்கே என்பதில்தான் தகராறு. 2023 அக்டோபரில், அரசின் ஒன்பது ஆண்டுச் சாதனைகளைச் சொல்லும் பயணத்துக்கு மூத்த அதிகாரிகளை மாவட்டந்தோறும் பொறுப்பாளர்களாகப் போட மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. தேர்தல் நடக்கவிருந்த மாநிலங்களில் அது கூடாது என்று தேர்தல் ஆணையம் சொன்னது. 2025-இல் தமிழ்நாட்டில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ என்ற மாநில அரசுத் திட்டத்தின் பெயர் வழக்கானது. உயிரோடிருக்கும் தலைவரின் பெயரைப் புது நலத்திட்டத்துக்கு வைக்கக் கூடாது என்று ஜூலை 31 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, எல்லாக் கட்சிகளும் இப்படிப் பெயர் வைக்கும்போது ஒரு திட்டத்தை மட்டும் குறிவைத்ததற்காக, வழக்குப் போட்ட அதிமுக எம்.பி. சி.வி.சண்முகத்துக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

நூறு நாள் வேலையிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2015 பிப்ரவரியில் பிரதமர் மோடி மக்களவையில், இந்தத் திட்டம் காங்கிரஸ் தோல்வியின் உயிருள்ள நினைவுச்சின்னம், அதனால் இதை நிறுத்த மாட்டேன் என்ற பொருளில் பேசினார். கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து, திட்டம் பத்தாண்டைத் தொட்டபோது, மத்திய அரசின் செய்திக்குறிப்பு இந்தப் பத்தாண்டுச் சாதனை தேசியப் பெருமைக்குரியது என்றது. திட்டம் அதேதான், கரையில் நின்றவர்களும் அதே ஆட்கள்தான்.

அரசுக் குறிப்பு ஒன்று தகவலா பிரசாரமா என்று பார்க்க நான் பயன்படுத்தும் சோதனை எளிது. அதில் தேதி, அரசாணை எண், எந்த ஆண்டின் எந்த மதிப்பீடு என்ற விவரம் இருக்கிறதா? இருந்தால் தகவல். முந்தைய ஆட்சியின் பெயர் தொகைக்கு முன்னால் வந்தால், அது யாருடைய பணத்தில் அச்சானாலும் கட்சியின் பேச்சு.

2025 டிசம்பர்ச் சட்டம் எதை மாற்றுகிறது?

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இது வருகிறது. டிசம்பர் 21 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். பெயரில் வளர்ந்த பாரதம் என்ற பொருளில் விக்சித் பாரத் வருகிறது. முழுப் பெயர் விக்சித் பாரத் - கியாரண்டி ஃபார் ரோஜ்கார் அண்ட் ஆஜீவிகா மிஷன் (கிராமீண்), சுருக்கமாக விபி-ஜி ராம் ஜி. விவாதத்தின் பெரும்பகுதி பெயரிலேயே போய்விட்டது. காந்தியை நீக்கிவிட்டார்கள் என்றது ஒரு பக்கம். 100 நாளை 125 ஆக்கியிருக்கிறோம் என்றது மறுபக்கம். காந்தி பெயர் போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் குளத்துக்கரைக்கு முக்கியமானவை வேறு மூன்று:

1. *செலவுப் பங்கு.* தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் மத்திய அரசு 60, மாநிலம் 40. கூலி முழுவதும் மத்திய அரசு என்ற நிலை போகிறது. மேலே சொன்ன 80,640 ரூபாயில் 32,256 ரூபாயை மாநிலம் கொடுக்க வேண்டும்.
2. *மாநில வாரி ஒதுக்கீடு.* ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று மத்திய அரசு தீர்மானிக்கும். அதைத் தாண்டிய செலவு முழுவதும் மாநிலத்தின் தலையில்.
3. *வேளாண் இடைவெளி.* விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் இந்த வேலை நடக்காது. எந்த 60 நாள் என்பதை மாநிலம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

இதில் இரண்டாவதுதான் பெரிது. இதுவரை ஒதுக்கீடு முன்கணிப்பாக இருந்தது, இனி அதுவே உச்சவரம்பு. 125 நாள் என்று சட்டம் சொன்னாலும், வரம்பைத் தொட்ட பிறகு ஒவ்வொரு நாளும் மாநிலக் கருவூலத்தின் முழுச் செலவு என்றால், எந்த மாநில நிதித்துறையும் பதிவுகளைக் கூட்ட விரும்பாது. விண்ணப்பத்தைப் பதிவு செய்யாமல் விடும் பழக்கத்துக்கு இது புதுக் காரணம் ஆகிவிடும் என்பதுதான் என் பயம். நூறு நாளே முழுசாகக் கிடைக்காத வீடுகளுக்கு 125 என்ற எண் என்ன செய்யும்?

கார், பிசானம், மானாவாரி

மூன்றாவது விதி நம் மாவட்டத்தில் தனியாகப் பார்க்க வேண்டியது.

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசன விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு: நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கிடைக்கவில்லை, எல்லோரும் நூறு நாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். இந்தக் குறையைத் தள்ளிவிட முடியாது. நெல்லுக்கு வரும் விலையில் கூலியைக் கூட்டிக் கொடுக்கச் சிறு விவசாயியால் முடிவதில்லை. இடைவெளி விதி இவர்களுக்காக வந்ததுதான்.

ஆனால் திருநெல்வேலி ஒரே மாதிரி நிலம் இல்லை. ஆற்றுப் பாசனத்தில் பாபநாசம் அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் வாக்கில் கார் சாகுபடி. வடகிழக்குப் பருவமழையோடு பிசானம். மாசி, பங்குனியில் அறுப்பு. ராதாபுரம், வள்ளியூர், மானூர்ப் பக்கம் பெரும்பாலும் மானாவாரியும் மழைக்குளமும். அங்கே கார் கிடையாது. மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஜூன், ஜூலையில் ராதாபுரம் பக்கம் வயலில் வேலையே இருக்காது; தென்மேற்குக் காற்று காற்றாலைகளைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில்தான் குளத்து வேலை அங்கே அடுப்பு எரிய வைக்கிறது. மழை வருவதற்குள் குளத்தில் மண் எடுக்க ஏற்ற காலமும் அதுதான். அம்பாசமுத்திரத்தின் கார் நடவை நினைத்து மாவட்டம் முழுவதற்கும் ஒரே இடைவெளி அறிவித்தால், ராதாபுரத்துப் பெண்ணுக்கு வயலிலும் வேலை இல்லை, குளத்திலும் வேலை இல்லை.

மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தனித்தனியாக இடைவெளியை அறிவிக்கப் புதுச் சட்டமே மாநிலத்துக்கு இடம் கொடுக்கிறது. மாநிலம் அதைப் பயன்படுத்துமா, மாவட்டத்துக்கு ஒரே தேதி போட்டுவிடுமா என்பது பட்ஜெட் எண்ணில் தெரியாது. ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கிராம சபையிலும் இதை இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த மண்ணிலிருந்து பேசுபவர்களுக்குச் செல்வாக்குக் குறைவாக இருந்ததில்லை: 2021 தேர்தலில் ராதாபுரத்தில் வென்றவர் சபாநாயகர் ஆனார், திருநெல்வேலியில் வென்றவர் பின்னர் பாஜக மாநிலத் தலைவர் ஆனார்.

இன்னொரு வேலை வீட்டளவில் உண்டு. வேலை கேட்கும்போது வாயால் கேட்டுவிட்டுத் திரும்பாமல், வெள்ளைத்தாளில் பெயர், வேலை அட்டை எண், எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்க வேண்டும். கொடுக்க மறுத்தால் அதே தாளைப் பதிவுத் தபாலில் பிடிஓவுக்கு அனுப்பலாம்; தபால் ரசீதில் தேதி இருக்கும். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த தேதி, வேலை வேண்டும் என்று கேட்ட தேதி, இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்துதான் 15 நாள் ஓடும். 2025-26-இன் 336 ரூபாய்க் கூலியில் கால் பங்கு என்றால் நாளுக்கு 84 ரூபாய். அதைக் கேட்பதற்கு அந்தத் தாள் ஒன்றுதான் ஆதாரம்.